பறையும் சொல்லும்

கண்ணுக்கு இமை உண்டு. காண விரும்பாதபோது மூடிக்கொள்ளலாம். செவிக்கு அத்தகைய மூடி இல்லை. இரவும் பகலும் அது திறந்தே கிடக்கின்றது. ஆயினும், திறந்த செவியில் விழுவனவற்றையெல்லாம் நாம் கேட்கின்றோம் என்று சொல்லிவிட இயலாது. தெருவில் எழும் ஓசை செவியிற் புகுகின்றது, சிந்தையிற் புகுவதில்லை. அதனாலன்றோ நம் முன்னோர் செவி வாயிலாகப் பெறும் அறிவைக் 'கேள்வி' எனத் தனியே பெயரிட்டுப் போற்றினர்? திருக்குறளிலும் அதற்கென ஓர் அதிகாரம் உண்டு. அவ்வதிகாரத்தைப் பல்லாண்டு மாணவர்க்குக் கற்பித்த நான், கேட்டல் என்பது யாது என்பதை என் முதுமையில், ஒரு பறையின் வாயிலாகவே கற்றுக்கொண்டேன். அவ்வரலாற்றை இங்குக் கூறுகின்றேன்.

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்று என் ஊர். திருவையாற்று அரசர் கல்லூரியில் பயின்று புலவர் பட்டம் பெற்றேன். 1985 முதல் 2019 வரை 34 ஆண்டுகள் வெளியூர்ப் பள்ளிகளில் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றேன். ஊர் திரும்பிய பின்னர், என்னோடு தொடக்கப் பள்ளியில் பயின்ற தோழர் நால்வர் மாலைதோறும் குளக்கரை அரசமரத்தடியில் கூடுவதைக் கண்டு நானும் அவர்களோடு சேர்ந்தேன். ஒருவர் அஞ்சல் நிலையத்தில் பணிபுரிந்து ஓய்ந்தவர். இனிய குரல் வாய்ந்தவர். ஒருவர் தவில் வாசிப்பவர். ஒருவர் தையற்காரர், ஓய்ந்த நேரத்தில் குழல் ஊதுவார். நான்காமவர் உழவுத் தொழிலாளி. பறை இசைப்பதில் வல்லவர். எங்கள் பகுதியில் பறையைத் 'தப்பு' என்றும் வழங்குவர்.

பறை இசைக்கும் நண்பரும் நானும் 1967 ஆம் ஆண்டில் ஒரே நாளில் பள்ளியிற் சேர்ந்தோம். கணக்கில் அவர் என்னினும் வல்லவர். எனக்கு விளங்காத பின்னக் கணக்குகளை மணலில் எழுதிக் காட்டியவர் அவரே. எனினும், எட்டாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. வறுமையும் ஊர் வழக்கமும் அவரைப் பகலில் வயலுக்கும், அழைத்தபோதெல்லாம் இழவு வீட்டு வாயிலுக்கும் அனுப்பின. நான் புலவனாகி வந்தேன். ஒன்றாகப் படித்த என்னை அவர் 'ஐயா' என்று அழைத்தார். நான் அவரை 'நீ' என்றேன். இவ்வேறுபாடு என் நெஞ்சை உறுத்தவில்லை. என்றும் உள்ள வழக்கம் என்று வாளா இருந்துவிட்டேன்.

2023 ஆம் ஆண்டுக் கோடையில் எங்கள் ஊர்க்குளத்தை ஊரார் அனைவரும் கூடித் தூர்வாரினர். அம்மகிழ்ச்சியில் நான் குளத்தைப் பற்றி ஒரு பாட்டு இயற்றினேன். நண்பர்கள் அதற்கு மெட்டமைத்தனர். அதனைப் பதிவு செய்து பள்ளி ஆண்டு விழாவில் ஒலிக்கச் செய்தால் பிள்ளைகள் மகிழ்வார்கள் என்று எண்ணினோம். அஞ்சல் நண்பரின் மகள் சென்னையில் ஒலிப்பதிவுக் கலை பயின்றவள். 2024 ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறைக்கு ஊர் வந்த அவள், தன் கருவிகளையும் உடன் கொண்டுவந்தாள்.

பதிவுக்கு ஏற்ற இடம் தேடி அவள் பல வீடுகளைப் பார்த்தாள். ஒவ்வோர் அறையின் நடுவிலும் நின்று ஒருமுறை கைதட்டுவாள். பின்னர்ச் செவிசாய்த்து நிற்பாள். கைதட்டிய ஒலி சுவர்களில் மோதித் திரும்புவதைக் கொண்டு அவ்விடத்தின் இயல்பை அறிவாளாம். முடிவில் என் வீட்டுக் கூடமே ஏற்றது என்றாள். சுவர்களில் ஜமக்காளமும் போர்வையும் தொங்கவிட்டு, மூலைகளில் நெல் மூட்டைகளை அடுக்கி எதிரொலியை அடக்கினோம்.

குறித்த நாளில் எல்லாரும் வந்தனர். பறை நண்பர் மட்டும் திண்ணையருகே நின்றுவிட்டார். "நான் இங்கேயே இருந்து அடிக்கின்றேன், ஐயா, ஓசை உள்ளே வரும்" என்றார். என் தந்தையார் காலத்தில் அவர் தந்தையார் அத்திண்ணைக்கும் அப்பால், வாயிலில் நின்றவர். நானோ அவ்வழக்கத்தைச் சரியென்று ஒருநாளும் சொன்னவன் அல்லன். மாற்றவும் ஒருநாளும் முயன்றவன் அல்லன். ஊர் திரும்பி ஐந்தாண்டுகள் ஆகியும் அவரை உள்ளே வருமாறு நான் அழைத்ததில்லை என்பது அப்பொழுதுதான் எனக்குத் தோன்றியது. நான் வாய் திறக்குமுன் அப்பெண் வெளியே சென்று அவர் கையைப் பற்றினாள். "உள்ளே வாருங்கள், பெரியப்பா. உங்களுக்கான ஒலிவாங்கியைக் கூடத்தின் நடுவிலே வைத்திருக்கின்றேன்" என்றாள். அவர் என்னை நோக்கினார். "வா" என்றேன். அச்சொல் வெகு காலம் தாழ்ந்து வந்த சொல் என்பதை என் குரலே எனக்கு உணர்த்தியது.

மாணவர்களே, பறையின் அமைப்பை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும். மரத்தால் ஆன வட்டச் சட்டத்தின் ஒருபுறம் மாட்டுத்தோலை இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருப்பர். இடக்கையில் நீண்டு மெலிந்த மூங்கிற் சிம்பும், வலக்கையில் குறுகித் தடித்த அடிக்குச்சியும் கொண்டு அதனை இசைப்பர். பனியும் ஈரமும் பட்டால் தோல் தளரும், ஓசை மழுங்கும். ஆகவே, இசைக்குமுன் அதனைத் தீயிற் காட்டிக் காய்ச்சுவர். அன்று தை மாதத்துப் பனி மிகுதி. நண்பர் என் வீட்டு முற்றத்திலே வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார். அவ்வப்போது விரலால் தட்டிப் பார்த்தார். தோல் இறுக இறுக அதன் ஓசை உயர்ந்து, மணியோசைபோல் தெளிந்தது.

பதிவு தொடங்கியது. முதல் அடியை நண்பர் மிக மெல்ல அடித்தார். வீட்டினுள் அடித்துப் பழகாத கை அஞ்சியது போலும். "குளக்கரையில் அடிப்பதுபோல் அடியுங்கள், பெரியப்பா" என்றாள் அப்பெண். அவர் அவ்வாறே அடித்தார். உடனே கணிப்பொறித் திரையில் சிவப்புக் குறி தோன்றியது. ஒலி சிதைந்து கரகரத்தது. 'இனி அவரை மெல்ல அடிக்கச் சொல்வாள்' என்று எண்ணினேன். அவள் அவ்வாறு சொல்லவில்லை. ஒலிவாங்கியின் ஏற்பளவைக் குறைத்தாள்; உச்ச அளவுக்கு 10 டெசிபெல் கீழேயே ஒலி நிற்குமாறு செய்தாள். கருவிக்கு ஏற்பக் கலைஞரை அடக்காமல், கலைஞருக்கு ஏற்பக் கருவியை அமைத்தாள். இதனை நான் உள்ளத்தில் குறித்துக்கொண்டேன்.

பறையின் முகத்துக்கு எதிரே ஒரு சாண் தொலைவில் ஓர் ஒலிவாங்கி; பின்புறம் அதே தொலைவில் மற்றொன்று; கூடத்தின் கோடியில், 3 மீட்டர் தள்ளி, மூன்றாவது ஒன்று. ஒரு பறைக்கு மூன்று செவிகள் எதற்கு என்று வினவினேன். "முன்னது குச்சியின் கூர்மையைக் கேட்கும், பின்னது தோலின் ஆழத்தைக் கேட்கும், தொலைவில் உள்ளது கூடத்தைக் கேட்கும்" என்று விடையிறுத்தாள். ஒலி காற்றில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வது. ஆகவே, மூன்றாம் ஒலிவாங்கியை அது அடைய, நொடியை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஏறக்குறைய 9 கூறு ஆகும். அச்சிறு காலத்தாழ்வே கேட்பவர்க்கு இடத்தின் அகலத்தை உணர்த்துகின்றதாம். கண்ணிமைக்கும் பொழுதை மாத்திரை எனக் கொண்டு, மெய்யெழுத்துக்கு அதிற் பாதி என வகுத்த நம் இலக்கணத்தார் இதனைக் கேட்டிருப்பின் பெரிதும் மகிழ்ந்திருப்பர்.

பின்னர் அவள் ஒரு விந்தை காட்டினாள். முன் ஒலிவாங்கியின் பதிவை மட்டும் கேட்பித்தாள், நன்றாக இருந்தது. பின் ஒலிவாங்கியின் பதிவை மட்டும் கேட்பித்தாள். அதுவும் நன்றாக இருந்தது. இரண்டையும் சேர்த்தாள். இரண்டு வலிமைகள் சேர்ந்தால் வலிமை பெருகும் என்று நான் எண்ணியிருந்தேன். பறையோ தகரத்தைத் தட்டினாற்போல் மெலிந்து ஒலித்தது! "அடிபட்ட தோல் பின்னோக்கிச் செல்கின்றது. அப்பொழுது அது முன்னுள்ள ஒலிவாங்கியை விட்டு விலகுகின்றது; பின்னுள்ள ஒலிவாங்கியை நெருங்குகின்றது. ஒன்று மேடு என்று எழுதுவதை மற்றொன்று பள்ளம் என்று எழுதுகின்றது. மேடும் பள்ளமும் சேர்ந்தால் சமன் ஆகிவிடும், ஐயா" என்று விளக்கினாள். பின் ஒரு பொத்தானை அழுத்தி, ஒரு பதிவின் அலையைத் தலைகீழாக்கினாள். உடனே பறை தன் முழு ஆழத்தோடு முழங்கியது. கூடமே அதிர்ந்தது.

எனக்குப் புணர்ச்சி இலக்கணம் நினைவுக்கு வந்தது. இரு சொற்கள் சேருமிடத்துச் சில எழுத்துகள் தோன்றும்; சில திரியும்; சில கெடும். 'மரம்' என்பதும் 'வேர்' என்பதும் சேரின் 'மரவேர்' ஆகும். இடையில் மகரமெய் கெட்டுவிடும். ஒலிகள் சேருமிடத்தும் அத்தகைய கேடு உண்டு என்பதை அன்று செவியாரக் கேட்டேன். சேர்த்து வைப்பது மட்டும் போதாது. எவ்வாறு சேர்க்கின்றோம் என்பதைப் பொறுத்தே கூட்டத்தின் வலிமை அமைகின்றது.

தவிலுக்கு இருபுறமும் ஒவ்வோர் ஒலிவாங்கி வைத்தாள். வலப்புறத்தை விரல்களில் கூடு அணிந்தும், இடப்புறத்தைக் கோல் கொண்டும் வாசிப்பர் ஆதலின், இரண்டும் வேறு வேறு குரல் உடையன. முதலில் தவிலையும் பறையையும் தனித்தனியே பதிந்து பார்த்தோம். தாளம் பிழைக்கவில்லை, ஆயினும் உயிர் இல்லை. பின்னர் இருவரையும் எதிரெதிரே அமரச் செய்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் கைகள் தாமே பேசத் தொடங்கின. ஒருவர் கருவியின் ஓசை மற்றவர் ஒலிவாங்கியிலும் சிறிது புகுந்தது. "புகட்டும், நண்பர்கள் சேர்ந்து வாசிக்கும்போது அது இயல்புதானே" என்றாள் அப்பெண். பறைத்தோல் ஆறினால் சுருதி தாழ்ந்துவிடும் ஆதலின், ஒவ்வொரு முறையும் காய்ச்சியவுடன் பதிந்தோம். நண்பர் அன்று ஏழு முறை முற்றத்துக்கும் கூடத்துக்கும் நடந்தார். ஏழாம் முறை அவர் திண்ணைப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பதிவு முடிந்தபின் எல்லாவற்றையும் அளவறிந்து கலக்கும் பணி எஞ்சியது. இரவு உணவுக்குப் பின் கணிப்பொறியைச் சூழ்ந்து அமர்ந்தோம். குரல், குழல், தவில், பறை ஆகிய நான்கும் சேர்ந்து ஒலித்தன. என் செவியோ ஒன்றையே தேடியது. நான் எழுதிய சொற்களை. பறை முழங்கும் இடங்களில் என் எதுகையும் மோனையும் தெளிவாகக் கேட்கவில்லை. நான் பொறுமை இழந்து, "பறையைக் குறைத்துவிடு, அம்மா. சொல் விளங்கவில்லை. பாட்டுக்குச் சொல்லன்றோ உயிர்?" என்றேன்.

ஒருவரும் பேசவில்லை. சிறிது நேரம் சென்றபின் பறை நண்பரே மெல்லச் சொன்னார்: "குறைத்துவிடு, அம்மா. ஐயா எழுதிய சொல் கேட்க வேண்டும். பறை எட்ட நின்றால் போதும்."

அப்பெண் குறைக்கவில்லை. அவள் எங்களுக்கு ஒரு பழைய செய்தி கூறினாள். எடிசன் 1877 ஆம் ஆண்டில் ஒலிப்பதிவுப் பொறியைக் கண்டுபிடித்தார். அதன்பின் 1925 ஆம் ஆண்டு வரையில் மின் ஒலிவாங்கிப் பதிவு நடைமுறைக்கு வரவில்லை. ஒரு பெரிய கொம்பின் முன்னே நின்று பாடுவர், வாசிப்பர். முழவு போன்ற கருவிகளின் அதிர்ச்சி மிகுந்தால் ஊசி தடம் மாறித் துள்ளிவிடும். அதனால் அக்கருவிகளைக் கொம்புக்கு எட்டத்தில் நிறுத்தினர். "அன்று பொறிக்கு வலிமை இல்லை, அதனால் எட்ட நிறுத்தினார்கள். இன்று அந்தக் குறை இல்லை, ஐயா. இனியும் எட்ட நிறுத்தினால், குறை பொறியினுடையது அன்று" என்றாள்.

அவள் என்னைக் குறித்துச் சொன்னாளோ, கலையைக் குறித்துச் சொன்னாளோ அறியேன். அச்சொல் என்னைத் தைத்தது. 'பறைதல்' என்றால் சொல்லுதல் என்பது பொருள். மலையாள நாட்டார் இன்றும் பேசுவதைப் பறைதல் என்றே சொல்கின்றனர். சொல்வதையே தன் பெயராகக் கொண்ட கருவியைச் சொல்லுக்கு இடையூறு என்று நான் சொன்னேனே! தொல்காப்பியர் பறையைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தார். குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரி கிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என்று 34 ஆண்டுகள் கரும்பலகையில் எழுதினேன். ஒருநாளேனும் ஒரு பறையை வகுப்பறைக்குள் கொண்டுவந்து மாணவர்க்குக் காட்டினேனா? பறையில் வல்லவர் என் பள்ளித்தோழராக இருந்தும், அவரை அழைத்து இசைக்கச் சொன்னேனா? பெயரைக் கற்பித்தேன், ஓசையைக் கேட்டேனல்லேன்.

"பறையைக் குறைக்க வேண்டா, வேறு வழி உண்டா?" என்று வினவினேன்.

"உண்டு, ஐயா. இருவரும் ஓரிடத்தில் நிற்பதனால்தான் நெருக்கடி. நிற்க இடம் செய்து கொடுத்தால் இருவரும் விளங்குவார்கள்" என்று கூறி அவள் பணியைத் தொடங்கினாள். நம் மெய்யெழுத்துகளைத் தெளிவாகப் பிரித்தறிவதற்கு 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகள் பெரிதும் துணைசெய்கின்றன. பறையில் சிம்பு எழுப்பும் கூரிய ஓசையும் அப்பகுதியில் மிகுதியாக உள்ளது. அதன் ஆழ்ந்த முழக்கமோ அதற்கு மிகக் கீழே உள்ளது. எனவே, பாடகர் பாடும் இடங்களில் மட்டும், பறையின் அந்தப் பகுதியை மட்டும் 3 டெசிபெல் குறைத்தாள். அது ஆற்றலைப் பாதியாக்கும் அளவாயினும் செவிக்குச் சிறு மாற்றமாகவே தோன்றும். பாடகர் மூச்சு வாங்கும் இடங்களில் அதனை மீண்டும் நிறைத்தாள். குரலை நடுவில் நிறுத்தினாள். பறையைச் சற்று இடப்புறமும் தவிலைச் சற்று வலப்புறமும் அமைத்தாள். மீண்டும் கேட்டோம். பறை ஒரு சிறிதும் பின்னுக்குச் செல்லவில்லை. சொல்லும் தெளிவாக விளங்கியது.

எனினும், ஓரிடத்தில் நெருக்கடி தீரவில்லை. என் பாட்டின் மூன்றாம் கண்ணியில் சொற்கள் மிகுதி. அதனை நான் எழுதியபோது என் புலமையை எண்ணிப் பெருமிதம் கொண்டிருந்தேன். இப்பொழுது கேட்கும்போது, அது குளத்தைப் பற்றிப் பேசாமல் என்னைப் பற்றியே பேசுவதை உணர்ந்தேன். "அக்கண்ணியை எடுத்துவிடு, அவ்விடத்தில் பறை மட்டும் ஒலிக்கட்டும்" என்றேன். அஞ்சல் நண்பர் வியப்போடு என்னைப் பார்த்தார். தம் எழுத்தில் ஓர் அசையையும் நீக்க இசையாத புலவன் என்று என்னை அவர் நன்கு அறிவார்.

இறுதிக் கலவையை முதலிற் கேட்க வேண்டியவர் யார் என்பதில் ஐயம் இல்லை. ஹெட்போன் என்னும் காதுக்கருவியை அப்பெண் பறை நண்பரின் செவிகளில் பொருத்தினாள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பறை இசைத்தவர் அவர். ஆயினும், அழுகையும் கூச்சலும் வெடியோசையும் சூழ்ந்த இடங்களிலேயே அவர் பெரிதும் இசைத்திருந்தார்; தம் பறையைத் தாம் அமைதியாக இருந்து கேட்டதில்லை. பறை தனித்து ஒலிக்கும் இடம் வந்தபோது அவர் கண்களை மூடிக்கொண்டார். அவர் வலக்கை விரல்கள் தொடைமேல் அசைந்தன. பாட்டு முடிந்தும் நெடுநேரம் அவர் கருவியைக் கழற்றவில்லை. பின்னர், "இது என் அப்பா கை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

புறப்படும்போது திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போட்டார். நானும் அருகில் அமர்ந்தேன். "பாட்டு நன்றாக வந்திருக்கிறது. அடுத்த பாட்டையும் கொஞ்சம் சுருக்கமாக எழுது" என்றார். 'எழுதுங்கள், ஐயா' என்று அவர் சொல்லவில்லை, 'எழுது' என்றார். எந்த விருதும் எனக்குத் தராத மகிழ்ச்சியை அவ்வொரு சொல் தந்தது.

பள்ளி ஆண்டு விழாவில் அப்பாட்டு ஒலித்தது. பறை தனித்து முழங்கிய இடத்தில் பிள்ளைகள் தாமாகவே எழுந்து தாளமிட்டனர். மேடையில் ஐவரும் அமர்ந்திருந்தோம். பறை நண்பர் நடுவில் இருந்தார். அவ்வொரு நாளால் ஊரின் பழைய வழக்கங்கள் எல்லாம் மாறிவிட்டன என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், என் வீட்டுக் கூடத்தில் மாலைதோறும் ஐவர் அமர்கின்றோம். பனிக்காலத்தில் முற்றத்தில் வைக்கோல் எரிகின்றது.

மாணவர்களே, பலர் கூடி வாழும் இடத்தில் ஒருவர் குரல் கேட்கவில்லையெனில், மற்றவர் குரலைத் தாழ்த்துவதே வழி என்று பலரும் எண்ணுவர். நானும் அவ்வாறே எண்ணினேன். எவர் எங்கே நெருக்குண்டு நிற்கின்றார் என்பதை முதலில் செவிகொடுத்துக் கேளுங்கள். பின்னர் அவர்க்குரிய இடத்தைச் செய்து கொடுங்கள். அதற்காக உங்கள் பாட்டில் ஒரு கண்ணியை நீக்க நேரினும் தயங்காதீர்கள்.